சேனைப் பரீட்சையும் கணிதத் தமிழும்

தமிழை விசேஷ பாடமாகக் கொண்டு பயிலும் மாணவர் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். கணிதப் பகுதியினரோ, தம் தோட்டத்தில் அயல்வீட்டு ஆடு புகுந்துவிட்டதெனக் கருதுவர். இரு சாராரும் சிறிது பொறுத்தருள்க. யாம் ஈண்டுக் கூற வந்தது கணக்கைப் பற்றியதாயினும், அதிற் பெரும்பங்கு சொல்லைப் பற்றியதே. சொல்லைப் பற்றிப் பேச எமக்குச் சிறிது உரிமை உண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் நோக்கிச் செல்லும் மலைப்பாதையில், நாட்றாம்பாளையம் என்னும் ஊர் உளது. கர்நாடக எல்லைக்கு அணித்தான பகுதி அது, சுற்றிலும் காடு, இடையிடையே கேழ்வரகு விளையும் மேட்டு நிலம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் அப்பக்கத்தில் கலந்து வழங்கும். சந்தையில் ஒருவர் ஒரு மொழியிற் பேச்சைத் தொடங்கி வேறொரு மொழியிற் பேரத்தை முடிப்பதைக் கேட்டு யாம் வியந்ததுண்டு. பள்ளிப் படிப்பு முடிந்த இளைஞர் பலருக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையே அடுத்த படி. மோட்டார் வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அங்கே மலிந்துள்ளன. மாதம் பிறந்தால் ஊதியம் தவறாது. ஆகவே, தம் மகன் வேறொன்றை விரும்புகிறான் என்று அறியும் பெற்றோர் முதலில் அஞ்சுவது இயல்பேயாம்.

எமக்குத் தம்பி முறையாகும் ஓர் இளைஞன் அவ்வூரில் வேறொன்றை விரும்பினான். புனே நகரை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியிற் சேர்ந்து இராணுவ அதிகாரி ஆதல் வேண்டும் என்பது அவன் அவா. பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ் வழியிற் படித்து, கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன். பெங்களூர் சென்று நுழைவுத் தேர்வை எழுதினான், தேறவில்லை. சென்ற விடுமுறையில் யாம் அங்குச் சென்றபோது, வினாத்தாளைக் கொணர்ந்து எம் முன் வைத்து அவன் சொன்ன சொல் இது: "கணக்கு எனக்குத் தெரியும் அண்ணா, கேள்விதான் தெரியவில்லை."

தோற்றவர் கூறும் சமாதானம் என்றே முதலில் எண்ணினோம். அடுத்த மூன்று நாள் அவ்வினாத்தாளுடன் உட்கார்ந்தபின் எம் எண்ணம் மாறிற்று.

அத்தேர்வின் அமைப்பை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் இதனை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கணிதத் தாளுக்கு 300 மதிப்பெண்; பொதுத்திறன் தாளுக்கு 600. கணிதத்தில் 120 வினாக்கள்; காலம் இரண்டரை மணி நேரம்; ஆக ஒரு வினாவுக்கு 75 விநாடி. அதற்குள் வினாவைப் படித்து, கணக்கிட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்து, வட்டத்தையும் கறுப்பாக்க வேண்டும். கணிப்பொறியும் கூடாது, மடக்கை அட்டவணையும் கூடாது. சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண். தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இயற்கணிதம், அணிகள், முக்கோணவியல், பகுமுறை வடிவியல், நுண்கணிதம், வெக்டர், புள்ளியியல், நிகழ்தகவு ஆகிய யாவும் பாடத்திட்டத்தில் உள. தரைப்படையை விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடம் படித்திருப்பினும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கணிதத் தாளை எழுதாமல் தப்ப இயலாது. பதினாறரை வயதுக்குக் கீழும் பத்தொன்பதரை வயதுக்கு மேலும் இடமில்லை. ஆகவே பள்ளியை விட்டு வருவோனுக்குக் கிட்டும் வாய்ப்புகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வினாத்தாள் அச்சாவது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

எம் தம்பி 84 வினாக்களுக்கு விடை எழுதியிருந்தான். அவற்றுள் 41 சரி, 43 தவறு. கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய 67 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் பெறவேண்டிய குறைந்த அளவு சில ஆண்டுகளில் நூற்றுக்கு 20 ஆகவும் சில ஆண்டுகளில் 25 ஆகவும் இருந்துள்ளது. அஃதாவது 300-க்கு 60 அல்லது 75. அவன் நின்ற இடம் இவ்விரண்டுக்கும் நடுவே. தவறிய 43 வினாக்களையும் யாம் ஒவ்வொன்றாகத் தமிழிற் சொல்லிக் கேட்டோம். பதினொன்றுக்கு அவன் தாளில் எழுதிக்கூடப் பாராமல் சரியான விடை சொன்னான். அப்பதினொன்றும் சரியாயிருந்திருப்பின் அவனுக்கு 103 மதிப்பெண் வந்திருக்கும். இக்கணக்கை அவனிடம் காட்டியபோது அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தான்.

பதினொன்றும் ஏன் தவறின? கலைச்சொற்கள் தெரியாமையால் என்று வாசகர் நினைக்கலாம். யாமும் அவ்வாறே நினைத்தோம். ஆனால் 'மேட்ரிக்ஸ்' என்றால் அணி, 'பெரபோலா' என்றால் பரவளையம், 'ப்ராபபிலிட்டி' என்றால் நிகழ்தகவு என்பன அவனுக்கு நன்றாகத் தெரியும். பெரிய சொற்கள் அவனை வருத்தவில்லை. அவனைத் தடுக்கி வீழ்த்தியவை எவரும் அகராதியிற் பார்க்க நினையாத சின்னஞ்சிறு சொற்கள்.

அவ்வகைக் கணக்கொன்றை யாமே அமைத்துக் காட்டுகிறோம். ஒரு பெட்டியில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. பாராமல் இரண்டை எடுத்தால் 'அட் லீஸ்ட்' ஒன்று சிவப்பாயிருக்க நிகழ்தகவு என்ன? 'அட் லீஸ்ட்' என்பது 'குறைந்தது' என்னும் பொருளது. எட்டுப் பந்துகளில் இரண்டை எடுக்க 28 வழிகள். இரண்டும் நீலமாக வர 3 வழிகள். எனவே விடை 28-இல் 25. எம் தம்பியோ அதனை 'ஒன்றே ஒன்று' எனக் கொண்டு 28-இல் 15 என்று கணக்கிட்டான். அவன் கொண்ட பொருளுக்கு அவ்விடை மிகச் சரி. 'அட் மோஸ்ட்' என்றிருந்தால் விடை 14-இல் 9 ஆகும். வினா அமைப்போர் இம்மூன்றையும் விடைப்பட்டியலில் வைத்துவிடுவர். தன் விடை அங்கே இருக்கக் கண்ட மாணவன் ஐயமின்றி வட்டத்தைக் கறுப்பாக்குகிறான். விடை இல்லையென்றால் ஒருவேளை திரும்பிப் பார்த்திருப்பான்.

இத்தகைய சிறு சொற்களின் கூட்டம் பெரிது. 'நைதர்', 'நார்', 'அன்லெஸ்', 'ஒன்லி இஃப்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'டிஸ்டிங்க்ட்' முதலியனவற்றை நோக்குக. இரு கூற்றுகளைக் கொடுத்து, முதலது மட்டும் சரியா, இரண்டாவது மட்டும் சரியா, இரண்டும் சரியா, இரண்டும் சரியல்லவா என்று கேட்பது இத்தேர்வின் வழக்கம். அவ்வினாக்களில் கணிதம் பாதி, இலக்கணம் பாதி. தமிழில் நாம் 'உம்' என்னும் இடைச்சொல்லையும் 'ஏ' என்னும் இடைச்சொல்லையும் கொண்டு ஓர் எழுத்தில் முடிக்கும் காரியத்தை ஆங்கிலம் வேறு வகையாற் செய்கிறது. 'இரண்டும்', 'இரண்டே', 'இரண்டாவது' ஆகிய மூன்றுக்கும் உள்ள வேற்றுமை நாட்றாம்பாளையத்துச் சிறுவனுக்குத் தாய்ப்பாலொடு வந்தது. இடைச்சொல்லியலைப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்த எமக்கு அதன் பயன் இவ்வளவு பெரிதென்பது அன்றுதான் விளங்கிற்று.

பெரிய சொற்களிலும் ஒரு வகைத் தொல்லை உண்டு. முக்கோணத்தின் உச்சியையும் எதிர்ப்பக்க மையத்தையும் சேர்ப்பதை நாம் நடுக்கோடு என்கிறோம். எண்களை வரிசைப்படுத்தி நடுவே நிற்பதை இடைநிலை அளவு என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் 'மீடியன்'. சார்பின் வீச்சகமும் புள்ளிவிவரத்தின் வீச்சும் அங்கே 'ரேஞ்ச்' என்ற ஒன்றே. வட்டத்தைத் தொட்டுச் செல்லும் தொடுகோடும், கோணத்தின் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்து வரும் விகிதமும் 'டேன்ஜென்ட்' என்ற ஒரே பெயருடையன. தமிழில் தனித்தனியே தெளிவாயிருந்தவை ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்து நிற்கும் இவ்விடங்களைத் தமிழ் வழி மாணவனுக்கு யாரேனும் முன்கூட்டியே காட்ட வேண்டாவா? காட்டுவார் அரியர். மொழி ஆசிரியர் இது கணக்கு என்பர். கணக்கு ஆசிரியர் இது மொழி என்பர்.

இது கேட்டு, "அப்படியாயின் முதலிலிருந்தே ஆங்கில வழியிற் படித்திருக்கலாமே" என்பார் உளர். எம் வகுப்புத் தோழர் ஒருவரே இவ்வாறு வாதித்தார். அவருக்கு யாம் சொன்னது: அப்பதினொரு கணக்குகளையும் எம் தம்பி நொடியிற் போட்டது தமிழிற் கற்றதனால் அன்றோ? ஆங்கில வழியிற் சேர்ந்து, பொருளறியாது பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளைகளையும் அப்பக்கத்தில் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு 'அட் லீஸ்ட்' என்பதும் தெரியவில்லை, 28 வழிகளும் தெரியவில்லை.

வேறு சிலர், "வினாத்தாளைத் தமிழிற் கொடுக்கச் செய்யுங்கள்; எல்லாம் தீரும்" என்கின்றனர். இதில் நியாயம் மிகுதியாக உண்டு. 2023 ஏப்ரலில், மத்திய ரிசர்வ் காவற்படைத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடப்பதைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் கண்டித்து எழுதினார். அம்மாதமே, மத்திய ஆயுதக் காவற்படைகளின் காவலர் தேர்வை மேலும் 13 மொழிகளில் நடத்த உள்துறை இசைந்தது. 2024 முதல் அத்தேர்வு தமிழிலும் நடந்து வருகிறது. தரைப்படையின் அக்னிவீரர் தேர்வு 2025-இல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடந்தது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளிக்கு ஆறாம் வகுப்பிற் சேர விரும்பும் சிறுவன் 300-க்கு 150 மதிப்பெண் கொண்ட கணிதப் பகுதியைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்பிற் சேர வருபவனுக்கு ஆங்கிலம் மட்டுமே. இவற்றை ஒருசேர நோக்கினால், பத்து வயதுச் சிறுவனுக்குத் தமிழ் உண்டு. சிப்பாய்க்குத் தமிழ் உண்டு. அதிகாரியாக விரும்புபவனுக்கு மட்டும் இல்லை என்றாகிறது.

அதிகாரிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பர். வேண்டும், மறுக்கவில்லை. அதனை அளக்கப் பொதுத்திறன் தாளில் 200 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலப் பகுதி தனியே இருக்கிறதே! ஆங்கிலத்தை ஒருமுறை அங்கே அளந்துவிட்டுக் கணிதத் தாளில் மறுமுறை மறைவாக அளப்பானேன்? உயர்கணிதத்தைத் தமிழில் வினவ இயலாது என்னும் பேச்சும் நில்லாது. பொறியியல் நுழைவுத் தேர்வாகிய ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடைபெறுகிறது. சற்றுப் பின்னோக்கினால், யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாத பிள்ளை 1855-இலேயே வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டார். அந்நாட்டின் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராயிருந்த சாமுவேல் பிஸ்க் கிரீன், மேனாட்டு மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இவற்றை மறத்தல் தகாது.

எனவே தமிழ் வினாத்தாள் வேண்டும் என்பதே எம் கருத்தும். ஆனால் எம் தம்பிக்கு வயது பதினெட்டு. அரசாங்கக் கோப்புகள் நகரும் வேகமும் அவன் வயது ஏறும் வேகமும் ஒன்றல்ல. அவனையொத்தோர் இன்று செய்யத்தக்கது என்ன என்பதே எம்மை வாட்டிய கேள்வி.

நகரங்களில் இதற்கெனப் பயிற்சி நிலையங்கள் பல உள. எம் தம்பியும் ஒன்றிற் பணம் கட்டிச் சில மாதம் போய் வந்தான். அவர்கள் தந்தது குறுக்கு வழிகளின் தொகுதி ஒன்று. இவ்வகைக் கணக்குக்கு இவ்விடை, அவ்வகைக்கு அவ்விடை என்று நூற்றுக்கணக்கான சூத்திரங்கள். குறுக்கு வழி தெரிந்தவனுக்கே பயன்படும். ஊரறியாதவன் குறுக்குச் சந்தில் நுழைந்தால் திரும்பும் வழியும் மறப்பான். எம் கருத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பதே முதற் பயிற்சி. பாடநூல்கள் இரு மொழியிலும் ஒரே வரிசையில் அமைந்திருப்பது பெரும்பேறு. தமிழ்ப் புத்தகத்தில் கணக்கை அறிக. அக்கணமே ஆங்கிலப் புத்தகத்தில் அதே கணக்கின் வினாவைப் படிக்க. பத்து நாளில் கண்ணுக்குப் பழக்கம் வந்துவிடுகிறது. இதனை அவனிடம் சோதித்துப் பார்த்தே எழுதுகிறோம்.

நிற்க. ஊகத்தால் விடையெழுதும் ஆசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முற்றும் அறியாத நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையெழுதினால், சராசரியாக ஒன்று சரியாகி இரண்டரை வரும். மூன்று தவறாகி இரண்டரை போகும். வந்தது ஒன்றுமில்லை, போனது காலம். ஆனால் நான்கு விடைகளில் ஒன்று பொருந்தாதென்று உறுதியாகத் தெரிந்தால் கணக்கு மாறுகிறது. அத்தகைய மூன்று வினாக்களில் ஒன்று சரி, இரண்டு தவறு எனக் கொண்டால் 0.83 மதிப்பெண் மிஞ்சும். எம் தம்பி நிகழ்தகவைப் படித்தவன். எனினும் தன் பரீட்சையை அதனால் அளந்து பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. எமக்குந்தான் தோன்றவில்லை, கணிதப் பகுதி நண்பர் ஒருவரைக் கேட்டே அறிந்தோம். மேலும், எழுத்துத் தேர்வில் வெற்றி காண எல்லா வினாக்களையும் எழுத வேண்டும் என்பதும் பிழை. 2023-ஆம் ஆண்டின் முதல் தேர்வில் 900-க்கு 301 பெற்றவர் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்பட்டனர். 2022-இன் முதல் தேர்வில் அது 360. அறிந்ததைப் பிழையின்றி எழுதி, அறியாததை விட்டு மேற்செல்லும் மனத்திண்மையே வேண்டுவது.

கணிப்பொறியில்லாத தேர்வுக்கு வாய்பாடு இன்றியமையாதது. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பாடமாயிருந்தது. முந்திரி என்பது 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று எனப் பின்னங்களையும் பிள்ளைகள் மனத்தில் இருத்தினர். அம்முறையின் கொடுமைகளை யாம் புகழவில்லை. பிரம்படி அதில் ஒரு பாடமாகவே இருந்தது. ஆயினும் எம் தம்பியின் பாட்டியார், எழுத்தறியாதவர், மூன்றேமுக்கால் படிக் கேழ்வரகின் விலையை வியாபாரி சொல்லுமுன் சொல்லிவிடுகிறார். பேரன் அதற்குக் கைப்பேசியை எடுக்கிறான். பாட்டியாரிடம் தினம் அரைமணி நேரம் கணக்குக் கேட்குமாறு அவனைப் பணித்தோம். எம் யோசனைகளில் வீட்டார் அனைவரும் ஏற்றுக்கொண்டது இஃது ஒன்றே.

அவன் தங்கையும் அருகிருந்து கேட்டாள். "பெண்களும் எழுதலாமா?" என்றாள். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் பெண்களுக்கும் அத்தேர்வு திறந்ததையும், 2022-இல் சேர்ந்தோருள் 17 பெண்கள் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்ததையும் சொன்னோம். அவள் பத்தாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

இனி, நம் கல்லூரித் தமிழ்ப் பகுதியினர்க்கு ஒரு விண்ணப்பம். கலைச்சொல் அகராதிகள் நம்மிடம் பல உள. ஆனால் கணித வினாவில் வரும் சிறு சொற்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குடன், இருமொழிக் கையேடு ஒன்றையும் யாம் கண்டிலோம். கணிதப் பகுதி நண்பர் நால்வரும் தமிழ்ப் பகுதி நண்பர் நால்வரும் ஒரு விடுமுறையில் கூடினால் அதனை முடித்துவிடலாம். முத்தமிழ் விழாவுக்குத் தோரணம் கட்டும் நேரத்திற் பாதி போதும். மலையூர்களுக்குச் சென்று ஒரு வாரம் தங்கிக் கற்பிக்கவும் நம்மவர் சிலர் இசைவர் என நம்புகிறோம். நாட்றாம்பாளையத்தில் தங்க இடமும், களியும் கீரைக் குழம்பும் தருவதற்கு எம் சிற்றன்னையார் ஒப்புக்கொண்டுள்ளார்.

கையேட்டை யாமும் எம் தம்பியும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்திற் தொடங்கிவிட்டோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ், கீழே ஒரு கணக்கு. அவன் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். வாரந்தோறும் புதிய சொற்களைக் கைப்பேசி வழியே எமக்கு அனுப்புகிறான். இதுவரை 63 சொற்கள் ஏறியுள்ளன. 'நெஸஸரி', 'ஸஃபிஷியன்ட்' என்னும் இரண்டுக்கும் வேண்டியது, போதுமானது என்று எழுதி வைத்திருக்கிறோம்; ஆனால் அவன் பாட்டியாருக்கும் விளங்கும்படியான எடுத்துக்காட்டுக் கணக்கு இன்னும் அகப்படவில்லை. கணிதப் பகுதி நண்பர் எவரேனும் அறிந்திருப்பின் விடுதியில் எம்மைக் கண்டு தெரிவித்தால் மிக்க நன்றியுடையோம்.